மார்லோ இறந்த நாளை மாற்றலாமா?

ஒரு நூலின் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவை எட்டு என்று நன்னூல் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது 'ஆக்கியோன் பெயர்'. நூலின் பெயரையும் பொருளையும் பயனையும் விட, அதைச் செய்தவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்த மரபில் வளர்ந்ததாலோ என்னவோ, நூலாசிரியர் யார் என்ற வழக்கை எடுத்துக்கொள்ளும் திரைப்படங்களை என்னால் வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க முடிவதில்லை. ரோலண்ட் எம்மெரிச் இயக்கி 2011இல் வெளிவந்த 'அனானிமஸ்' படத்தை முதன்முறை பார்த்து முடித்த இரவில், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை உண்மையில் எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டின் 17ஆம் பிரபுவான எட்வர்ட் டி வேர்தான் என்று நானே பாதி நம்பிவிட்டேன். அடுத்த சில வாரங்கள், அந்தப் படத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆண்டுகளோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போது எழுந்த ஒரு கருத்து இன்றுவரை மாறவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரலாற்றுப் படங்களில் சிறு மாற்றங்களை நாம் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டு போர்களை ஒன்றாக்குவதும், இருபது ஆண்டுகளை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதும், ஒருவரையொருவர் சந்திக்காத இருவரைச் சந்திக்க வைப்பதும் கதை சொல்பவரின் உரிமை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு நூலை எழுதியவர் யார் என்ற கேள்வியையே கதையாக எடுத்துக்கொண்ட படத்தின் நிலை வேறு. யார் எப்போது உயிரோடு இருந்தார், எந்த நாடகம் எந்த ஆண்டில் அச்சேறியது, யார் யாரிடம் என்ன வாக்குமூலம் கொடுத்தார் என்பவைதான் அங்கே வழக்கின் சான்றுகள். அவற்றில் ஒன்றை மாற்றினால், தீர்ப்பை எழுதிவிட்டு அதற்கேற்பச் சாட்சியைத் திருத்தியதாக ஆகிவிடும்.

மார்லோவை எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ 1593ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் டெட்ஃபோர்டில் எலினர் புல் என்பவரின் வீட்டில், இங்கிராம் ஃபிரைசரின் கத்தி வலக்கண்ணுக்கு மேலே பாய்ந்து இறந்தார். மரண விசாரணையின் ஆவணம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அரசு ஆவணக் காப்பகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. லெஸ்லி ஹாட்சன் அதைக் கண்டெடுத்து 1925இல் வெளியிட்டார். அந்த ஒரு தாளுக்கு அவர் செலுத்திய உழைப்பை நினைத்தால், படம் செய்திருப்பது எனக்கு வருத்தத்தையே தருகிறது. படத்தில் மார்லோ 1598ஐ ஒட்டிய காலத்திலும் உயிரோடு உலவுகிறார். ஷேக்ஸ்பியரின் இரகசியத்தை மோப்பம் பிடிக்கிறார். பிறகு கழுத்தறுபட்டுக் கிடக்கிறார். கொலையில் ஷேக்ஸ்பியருக்குப் பங்குண்டு என்ற ஐயம் பார்வையாளர் மனத்தில் விதைக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஒருவரைக் கொன்றதாக, தன் தரப்பைச் சொல்ல முடியாத இன்னொருவர் மீது பழி சுமத்தப்படுகிறது.

இதைவிட ஆழமான மாற்றம் எஸ்ஸெக்ஸ் பிரபுவின் கிளர்ச்சியைக் காட்டும் பகுதியில் இருக்கிறது. 1601 பிப்ரவரி 8ஆம் நாள் எஸ்ஸெக்ஸ் எலிசபெத் அரசிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார். அதற்கு முந்தைய நாள் அவருடைய ஆட்கள் குளோப் அரங்கில் ஒரு நாடகத்தை நடத்தச் செய்தார்கள். அது ஓர் அரசன் முடியிழக்கும் கதையான 'இரண்டாம் ரிச்சர்ட்'. படம் அதை 'மூன்றாம் ரிச்சர்ட்' என்று மாற்றுகிறது. முதுகு வளைந்த அமைச்சர் ராபர்ட் செசிலை மக்கள் அடையாளம் கண்டு கொதித்தெழ வேண்டும் என்பதற்காக, முதுகு வளைந்த கொடுங்கோலனைப் பற்றி டி வேர் புதிதாக எழுதித் தந்த நாடகம் அது என்று கதை போகிறது. திரையில் அது வலிமையான காட்சி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பற்றி விசாரிக்கப்பட்ட நடிகர் அகஸ்டின் பிலிப்ஸின் வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. கேட்கப்பட்டது மிகப் பழைய நாடகம், மேடையேறி வெகுகாலம் ஆகிவிட்டது, கூட்டம் வராது என்று தாங்கள் தயங்கியதாகவும், வழக்கமான வருவாய்க்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டதாகவும் அவர் சொல்கிறார். இரண்டு ரிச்சர்ட் நாடகங்களுமே 1597இல் அச்சேறிவிட்டன. கிளர்ச்சிக்காக ஒரு பிரபு இரகசியமாகப் புது நாடகம் எழுதினார் என்ற படத்தின் அடித்தளமே இந்த வாக்குமூலத்தின் முன் நிற்காது. அதனால்தான் வாக்குமூலம் படத்தில் இடம்பெறவில்லை என்று நினைக்கிறேன். எஸ்ஸெக்ஸின் தலை துண்டிக்கப்படுவதற்கு முந்தைய நாளான பிப்ரவரி 24 அன்று, அதே நடிகர் குழு அரசியின் முன்னிலையில் நாடகம் நடத்தியது. இதைவிட நெஞ்சை அழுத்தும் காட்சியை எந்தக் கதாசிரியரால் கற்பனை செய்ய முடியும் என்று தெரியவில்லை.

டி வேர் 1604 ஜூன் 24ஆம் நாள் இறந்தார். அவரை ஆசிரியராகக் கொள்பவர்களுக்கு இதுவே பெரிய தடை. 'டெம்பெஸ்ட்' நாடகத்தில், 1609இல் பெர்முடா தீவுக்கருகே உடைந்த 'சீ வென்ச்சர்' கப்பலைப் பற்றிய செய்திகளின் சாயல் இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1613இல் 'எட்டாம் ஹென்றி' நடந்துகொண்டிருந்தபோது மேடைப் பீரங்கியின் பொறி கூரையில் பற்றிக் குளோப் அரங்கு எரிந்தது. அதைக் கடிதத்தில் விவரித்த ஹென்றி வாட்டன் அந்த நாடகத்தைப் 'புதியது' என்றே குறிப்பிடுகிறார். படமோ, இறக்கும் டி வேர் ஒரு கட்டுக் கையெழுத்துப் படிகளை அக்காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் ஒப்படைப்பதாகக் காட்டி, பிந்தைய நாடகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் விடை சொல்லிவிடுகிறது. அரங்கு எரிவதும் படத்தில் உண்டு. ஆனால் அது அந்தப் படிகளைத் தேடிவரும் படைவீரர்கள் வைக்கும் தீ. 1613இன் விபத்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னுக்கு இழுக்கப்பட்டுச் சதியாகிவிட்டது.

டி வேர்தான் ஆசிரியர் என்ற வாதத்துக்கு எதிராக என் மனத்தில் மிக உறுதியாக நிற்கும் சான்று மிகச் சிறியது. ஃபிரான்சிஸ் மியர்ஸ் என்பவர் 1598இல் வெளியிட்ட நூலில், நகைச்சுவை நாடகத்தில் சிறந்தவர்களைப் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு எட்வர்டின் பெயர் இருக்கிறது. அதே பட்டியலில், தனியாக, ஷேக்ஸ்பியரின் பெயரும் இருக்கிறது. அக்காலத்து இலண்டனில் நாடகம் பார்த்துப் பழகிய ஒருவர் இவர்களை இரு வேறு மனிதர்களாகவே அறிந்திருந்தார்.

மற்றப் பிழைகளைக் கணக்கெடுத்துக்கொண்டே போக விருப்பமில்லை. 1593இல் வெளிவந்த 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' படத்தில் 1601இன் புது வெளியீடாக வருகிறது. 1588இல் இறந்த டி வேரின் முதல் மனைவி ஆன் செசில் கணவருக்குப் பின்னும் வாழ்கிறார். இவை தம்மளவில் சிறியவை. ஆனாலும் எல்லாப் பிழைகளும் ஒரே திசையில் சாய்கின்றன என்பதைக் கவனித்தேன்.

'இது திரைப்படம்தானே, பாடநூல் இல்லையே' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதே காலத்தைக் களமாகக் கொண்ட 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்கு அது முழுவதும் பொருந்தும். 1998இல் வந்த அந்தப் படம் இல்லாத ஒரு காதலியைப் படைத்து, அந்தக் காதலிலிருந்து 'ரோமியோ ஜூலியட்' பிறந்ததாகச் சொல்கிறது. அந்தக் கதை ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து வந்தது என்பது அறிந்தவர்க்குத் தெரியும். ஆனால் அந்தப் படம் எதையும் நிரூபிக்க முற்படவில்லை. 'அனானிமஸ்' தொடங்கும் விதமே வேறு. இன்றைய மேடை ஒன்றில் நடிகர் டெரெக் ஜகோபி தோன்றி, ஷேக்ஸ்பியர் கையால் எழுதிய ஒரு நாடகப் படிகூடக் கிடைக்கவில்லை என்று நம்மை நோக்கி நேரடியாகப் பேசுகிறார். அவர் திரைக்கு வெளியிலும் அந்த ஐயத்தை வெளிப்படையாக ஏற்றவர். படத்தின் கருத்தை மாணவர்களிடம் கொண்டுசெல்லப் பள்ளிகளுக்கான பாடக் குறிப்புகளும் தயாரிக்கப்பட்டன. வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட ஒரு படம், கற்பனை என்ற குடையின் கீழ் ஒதுங்கி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடகப் படிகள் கிடைக்கவில்லை என்றால், மியர்ஸ் புகழும் டி வேரின் நகைச்சுவை நாடகங்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஐயத்தின் அடியில் இருப்பது என்ன என்று யோசித்தபோது, அது ஆவணங்களைப் பற்றியதாகவே தோன்றவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டின் கையுறை செய்பவர் மகனால், பல்கலைக்கழகம் போகாதவனால், அரசவையை இப்படி எழுத முடியுமா என்ற கேள்விதான் அது. 1920இல் தாமஸ் லூனி டி வேரை முன்னிறுத்தி எழுதிய நூலின் அடிநாதமும் அதுவே. படத்தின் ஷேக்ஸ்பியருக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது, குடித்துவிட்டுப் பிதற்றுகிறார். அதே படத்தில் அந்த நாடகங்களின் மேன்மையை உணர்ந்து கண்ணீர் விடும் பென் ஜான்சன் ஒரு கொத்தனாரின் வளர்ப்பு மகன். அவரும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் இல்லை. மார்லோ கேன்டர்பரியில் செருப்புத் தைத்தவரின் மகன். உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனவர். இந்த இருவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, எளிய குடும்பத்தில் பிறந்தவன் எழுத முடியாது என்று ஒரு படம் சொல்கிறது. பிறப்பைக் கொண்டு புலமையை அளப்பதன் கொடுமையை அறிந்த எவருக்கும் இது வலிக்கும்.

ஆசிரியர் யார் என்ற வழக்கைத் தொட்ட இன்னொரு படம் டேவிட் ஃபின்சரின் 'மாங்க்' (2020). 'சிட்டிசன் கேன்' படத்தின் திரைக்கதைக்கு எழுத்தாளர் ஹெர்மன் மாங்கிவிச்சும் படத்தின் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1971இல் திரை விமர்சகர் பாலின் கேல் எழுதிய நீண்ட கட்டுரை, வெல்ஸ் ஏறத்தாழ எதையுமே எழுதவில்லை என்று வாதிட்டது. சில ஆண்டுகளில் ராபர்ட் காரிஞ்சர் என்ற ஆய்வாளர் அந்தத் திரைக்கதையின் ஏழு வரைவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்து, வெல்ஸின் பங்கு பெரியது, தீர்மானமானது என்று காட்டினார். பழைய கட்டுரையின் வாதத்தை விடை கிடைத்த பிறகும் தழுவிய 'மாங்க்', வெல்ஸ் அமர்ந்து எழுதும் ஒரு காட்சியைக்கூட நமக்குத் தருவதில்லை. கலிஃபோர்னியாவின் 1934ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் தோற்ற வேட்பாளர் அப்டன் சின்க்ளேருக்காக மாங்கிவிச் மனம் வருந்தினார், அந்த வருத்தமே 'சிட்டிசன் கேன்' ஆயிற்று என்ற இழைக்கும் ஆதாரமில்லை. ஒளிப்பதிவும் நடிப்பும் என்னை ஈர்த்த படம் அது. அதனாலேயே ஏமாற்றம் கூடுதல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்துத் திருத்தும் அந்த ஏழு வரைவுகளுக்குள்தான் உண்மையான நாடகம் இருந்தது.

ஆவணம் பக்கத்துணையாக இருந்தால் படம் எவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு 'கொலெட்' (2018) நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட் எழுதிய கிளாடின் நாவல்கள் 1900 முதல் அவருடைய கணவர் 'வில்லி'யின் பெயரில் வெளிவந்தன. கொலெட்டின் கையெழுத்தில் உள்ள நோட்டுப் புத்தகங்கள், ஓரத்தில் வில்லியின் குறிப்புகளோடு எஞ்சியிருக்கின்றன. அழிக்கச் சொன்ன பிறகும் அழியாமல் தப்பியவை அவை. அந்த நோட்டுகளே படத்தின் முதுகெலும்பு.

ஷேக்ஸ்பியர் எழுதும் கையையும் ஆவணங்களிலேயே பார்க்க முடியும் என்று நான் நம்புகிறேன். 1599இல் அச்சான 'ரோமியோ ஜூலியட்'டின் ஓரிடத்தில், பீட்டர் என்ற பாத்திரம் நுழைய வேண்டிய மேடைக்குறிப்பில் 'வில் கெம்ப் நுழைகிறார்' என்று இருக்கிறது. வில் கெம்ப் அந்த நாடகக் குழுவின் நகைச்சுவை நடிகர். எழுதியவரின் மனத்தில் பாத்திரத்துக்கு முன் நடிகரின் முகம் வந்து நின்றிருக்கிறது. அடுத்த ஆண்டு அச்சான 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்திலும் டாக்பெரி என்ற பாத்திரம் பேசும் வரிகளுக்கு முன்னால் கெம்ப்பின் பெயர் இருக்கிறது. ஒத்திகையில் கூட இருந்து, யார் எப்படிச் சிரிக்க வைப்பார் என்று தெரிந்து எழுதிய ஒருவரின் கைத்தடம் இது.

பாயிரத்துக்குத் திரும்புகிறேன். தன் நூலைத் தானே புகழக் கூடாது என்றும், தன் ஆசிரியர், தன்னோடு கற்றவர், தன் மாணவர், தகுந்த உரைகாரர் ஆகியோரே சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் என்றும் நன்னூல் வகுக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623இல் வெளிவந்த 'முதல் ஃபோலியோ' அந்த இலக்கணத்துக்கு எழுதியது போலவே இருக்கிறது. 36 நாடகங்கள், அவற்றில் 18 அதற்கு முன் அச்சேறாதவை. தொகுத்தவர்கள் ஷேக்ஸ்பியரோடு மேடையில் நின்ற ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும். முன்னே புகழ்ந்து பாடியவர் பென் ஜான்சன். 'ஏவனின் இனிய அன்னமே' என்று அந்தப் பாடலில் அவர் நண்பரை அழைக்கிறார். ஏவன், ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆறு.

ஷேக்ஸ்பியர் 1616இல் தம் உயிலில், வரிகளுக்கு இடையே சேர்த்து எழுதிய ஓரிடத்தில், மூன்று நடிகத் தோழர்களுக்கு நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுச்சென்றார். ரிச்சர்ட் பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டெல். பர்பேஜ் 1619இல் இறந்துபோனார். எஞ்சிய இருவரும்தான் சிதறிக் கிடந்த படிகளைத் தேடிச் சேர்த்து, அச்சகத்தில் நாடகம் நாடகமாக ஏற்றினார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன், 1623 ஆகஸ்ட் 6ஆம் நாள், அந்தப் புத்தகம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு காலமானார். நான் பார்க்க விரும்பும் படம் அந்தக் கோடையில் தொடங்குகிறது: அச்சகத்தில் ஈரம் காயாத தாள்கள் தொங்குகின்றன, முதுமையை நெருங்கும் இரண்டு நடிகர்கள் தாங்கள் ஒருகாலத்தில் பேசிய வரிகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி பிழை திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.