காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது

பிப்ரவரி 3

இண்டக்டரில், அதாவது கம்பி சுற்றிய காயிலில், வோல்டேஜ் சட்டென்று தாவும், கரண்ட் தாவாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். காயிலின் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்டேஜ், இண்டக்டன்ஸையும் (கரண்ட் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு, ஹென்றியில்) கரண்ட் மாறும் வேகத்தையும் பெருக்கியது. 10 மில்லிஹென்றி காயில், கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம். 10 வோல்ட் கொடுத்தால் 1 மில்லிசெகண்டில் 0.63 ஆம்பியர்தான் ஏறியிருக்கும். 1 ஆம்பியரை ஒட்டி வர 5 மில்லிசெகண்ட் ஆகும்.

பிப்ரவரி 4

12 வோல்ட் ரிலே (காயிலின் காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்), காயில் 400 ஓம். கிரவுண்ட் பக்கம் 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன்மேல் ஸ்கோப் (வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்). ஆன் செய்ததும் கோடு வளைந்து ஏறுகிறது, நடுவில் சிறு பள்ளம் விழுகிறது, பிறகு மறுபடி ஏறி 0.29 வோல்ட்டில் நிற்கிறது. அந்தப் பள்ளம்தான் அழகு: ஆர்மேச்சர், அதாவது ரிலேயின் நகரும் இரும்புத் துண்டு, இழுபடும் தருணம் அது. இரும்பு நகரும்போது காயிலில் எதிர் வோல்டேஜ் உண்டாகிக் கரண்டைக் கீழே தள்ளுகிறது. பள்ளமே தெரியவில்லையென்றால் ஆர்மேச்சர் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 6

அதே ரிலேயை பிசி547 டிரான்சிஸ்டரால் ஆஃப் செய்தால்? கரண்டுக்குப் போக வழியில்லை. வழி கிடைக்கும்வரை காயில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். டிரான்சிஸ்டர் தாங்குவது 45 வோல்ட். அது ஒரே நாளில் போகாமல், சில நாள் ஓடிவிட்டும் போகலாம். அதனால்தான் பலர் காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்கள்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். டிரான்சிஸ்டரில் காயில் இணையும் கால், அதாவது கலெக்டர், சுமார் 12.7 வோல்ட்டுக்கு மேல் போகாது. ஆனால் கரண்ட் மெதுவாக வடிவதால் ரிலே விடுபடத் தாமதமாகும், கான்டாக்ட் தீப்பொறியில் தேயும். வேகம் வேண்டுமானால் டயோடுடன் 24 வோல்ட் ஜீனரை (குறித்த வோல்டேஜில் பின்பக்கமும் கரண்டை விடும் டயோடு) தொடராகச் சேருங்கள், இரண்டின் கோடு போட்ட முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி. கலெக்டரில் சுமார் 36.7 வோல்ட் வரும், 45-க்குள் அடங்கும்.

பிப்ரவரி 7

காயிலில் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையை இரட்டித்தால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு. 10 சுற்றில் 100 மைக்ரோஹென்றி தரும் கோர் (கம்பி சுற்றப்படும் காந்தப் பொருள்), 20 சுற்றில் 400 தரும்.

பிப்ரவரி 10

12 வோல்ட்டை 5 ஆக்கும் பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்சை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் சுற்று), 100 கிலோஹெர்ட்ஸ், காயில் 33 மைக்ரோஹென்றி. ஸ்விட்ச் ஆன் நேரம் 4.17 மைக்ரோசெகண்ட், காயில்மேல் 7 வோல்ட். அதனால் கரண்ட் ஒவ்வொரு சுழற்சியிலும் சுமார் 0.88 ஆம்பியர் ஏறி இறங்கும். லோடு 2 ஆம்பியர் என்றால் உச்சம் 2.44. இங்கேதான் தவறு நடக்கிறது: "2 ஆம்பியர் லோடு, 2.2 ஆம்பியர் காயில் போதும்" என்று எடுத்துவிடுகிறார்கள். டேட்டாஷீட்டில் பெரும்பாலும் இரண்டு கரண்ட் இருக்கும், ஒன்று சூட்டுக்கு, மற்றொன்று சாச்சுரேஷனுக்கு, அதாவது கோர் காந்தத்தால் நிரம்பிவிடும் நிலைக்கு. உச்சத்தை ஒப்பிட வேண்டியது இரண்டாவதோடு.

ஸ்கோப்பில் காயில் கரண்டின் முக்கோண அலையின் ஏறுமுகம் நேராக இருக்க வேண்டும். நுனி மேல்நோக்கிக் கொக்கிபோல் வளைந்தால் கோர் நிரம்பிவிட்டது, இண்டக்டன்ஸ் சரிகிறது, ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் சுடும். ஃபெரைட் கோர் சூடாக ஆக இன்னும் சீக்கிரமே நிரம்பும். எனவே அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள். இரும்புத் தூளை அழுத்திச் செய்த பவுடர் கோரில் இந்தச் சரிவு படிப்படியாக வரும்.

பிப்ரவரி 11

கம்பிமேல் உள்ள எனாமல் பூச்சு உரிந்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டதை மல்டிமீட்டர் காட்டாது. 60 சுற்றில் ஒன்று ஷார்ட்டானால் ரெசிஸ்டன்ஸ் 2 சதவீதம்கூட மாறாது. இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் அதே காயிலின் இண்டக்டன்ஸ் பெரிதும் சரிந்திருக்கும்.