கவனக்குறைவு என்று எழுதினேன்

விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரு சொல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் உறுத்துகிறது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் இயந்திரங்கள் உள்ள பகுதிக்கு நான் ஷிப்ட் மேற்பார்வையாளர். முழு நைட், அதாவது நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரையிலான ஷிப்ட், ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடம். ரோலரில் சுற்றிக்கொண்ட பஞ்சைக் கொக்கிக் கத்தியால் அறுத்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் இடது ஆள்காட்டி விரலை ஆழமாகக் கிழித்துக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளாக அதே பிரேம்களுக்கு நடுவே நடந்தவர். அந்தக் கத்தியை அவரைப் போலப் பதமாகப் பிடிக்க எங்கள் பகுதியில் ஆள் கிடையாது. கட்டுப் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ‘விபத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்தைய பக்கங்களில் எல்லாம் அதுதான் எழுதியிருந்தது. நானும் எழுதினேன்.

ஆலைக்குள் பகல் இரவு என்று எதுவும் தெரியாது. ஈரப்பதத்துக்காகத் தெளிக்கும் நீர்ப்புகை, வரிசை வரிசையாகக் குழல் விளக்குகள், காதை அடைக்கும் இரைச்சல். எந்நேரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் மணி என்ன என்பதைக் கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடும் பெட்டி ஒன்று ஒவ்வொரு பிரேமின் கோடியிலும் இருந்தது. நூல் அறுந்தால், யாராவது வந்து பிணைக்கும் வரை அந்த இழைக்குரிய பஞ்சைக் காற்று உறிஞ்சிக் கொண்டுபோய் அந்தப் பெட்டியில் சேர்க்கும். நியூமாபில் என்போம். பஞ்சும் இயந்திரமும் ஈரப்பதமும் மாறாத இரவுகளிலும், மூன்று மணிக்குமேல் அள்ளும்போது பெட்டி கனக்கும். நூல் அதிகமாக அறுந்ததால் அல்ல, அறுந்ததைப் பார்க்கும் கண்கள் மெதுவாகிவிட்டதால். அண்ணனுடைய பெட்டியும் கனத்தது, என் மேசைக்கு எதிரே நின்ற இளைஞனுடைய பெட்டியும் கனத்தது. இருபது பேருக்கும் ஒரே மணி நேரத்தில் கவனம் குறையுமானால் அதை ஒருவருடைய குற்றமாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் என் மைத்துனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வந்தவரிடம் நியூமாபில் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். “அத்தான், அது தூக்கம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் உடம்பின் வெப்பம் ஒரு நாளிலேயே அடிமட்டத்தில் இருக்கும். கடிகாரம் அப்படி” என்றார். எந்தக் கடிகாரம் என்று கேட்டேன். அன்று இரவு சாப்பாடு முடிந்தும் பேச்சு முடியவில்லை.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளில் அந்த இடத்தை அழித்துப் பார்த்தன. எலிகளுக்கு நேரமே தப்பிப்போயிற்று. 1990இல் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. பிறவியிலேயே இருபது மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழும் வெள்ளெலி வகை ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அதன் திரளை எடுத்து, தன் திரளை இழந்த சாதாரண வெள்ளெலிக்குள் பொருத்தினார்கள். அதுவும் இருபது மணி நேர நாளில் ஓடத் தொடங்கியது. கடிகாரத்தைக் கழற்றி இன்னோர் உடம்பில் மாட்டிய கதை இது.

அந்தச் செல்களுக்குள் நடப்பதை நான் ஆலைக்காரனாகத்தான் புரிந்துகொண்டேன். ரிங் பிரேமில் நூல் சுற்றும் பாபின் நிறைந்தால் இயந்திரம் நிற்கும், நிறைந்ததை இறக்கிக் காலி பாபின் ஏற்றினால் மறுபடி ஓடும். செல்லுக்குள்ளும் கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து சில மரபணுக்களை ஓட்டுகின்றன. அவற்றிலிருந்து பெர், கிரை என்ற புரதங்கள் உருவாகிச் சேர்ந்துகொண்டே போகின்றன. போதுமான அளவு சேர்ந்ததும், தங்களை உண்டாக்கிய அந்த இரண்டையுமே பிடித்து நிறுத்திவிடுகின்றன. பிறகு அவை மெல்லச் சிதைந்து தீர்கின்றன, மீண்டும் ஓட்டம் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈயில் இத்தகைய சுழற்சியைக் கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று மைத்துனருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

மைத்துனர் சொன்னவற்றில் மனத்தில் ஆழமாகத் தைத்தது வௌவால் கதை. அவருடைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் உயிரிக் கடிகார ஆய்வு நடந்தது. குகைக்குள், வெளிச்சமே எட்டாத இருட்டில், ஓர் இலைமூக்கு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சூரியன் மறைந்ததை அது அறிய வழியில்லை. ஆனாலும், சுற்றியிருந்த மற்ற வௌவால்கள் மாலையில் இரை தேடக் கிளம்பும்போதும் விடியலில் திரும்பும்போதும் எழும் சலசலப்பை வைத்தே அது நாள்தோறும் நேரம் தவறாமல் இருந்தது. துணையின்றித் தனியாக வைக்கப்பட்ட வௌவாலோ தன் போக்கில் விலகிப்போனது. 1981இல் இந்த ஆய்வு வெளியானது. உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று நம் மதுரைக் குகையில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

விரல் ஆறி அண்ணன் வேலைக்குத் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஓட்டுக்கூரை. சன்னலில் அவர் மனைவி கறுப்புக் கம்பளி ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். பகலில் அவர் தூங்குவதற்காக. ஆனால் பத்து மணிக்குக் காய்கறி வண்டி, மதியம் குக்கர் விசில், நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். “படுத்தால் நாலு மணி நேரம் தாண்டாது தம்பி. பழகிவிடும் பழகிவிடும் என்று பத்தொன்பது வருடம் போய்விட்டது” என்றார். வௌவால் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, “ஊரே பறக்கும்போது நான் மட்டும் தொங்கினால் எப்படித் தூக்கம் வரும்” என்றார்.

மனிதருக்கு ஊர்ச் சத்தத்தைவிட வெளிச்சம்தான் வலுவான கட்டளை. கண்ணின் விழித்திரையில், காட்சியைப் பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றுக்குள் இருக்கிறது. முழு நைட் முடிந்து காலை எட்டு மணிக்கு எங்கள் ஆட்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வெளியே வருவார்கள். பலருக்கு வீடு கிழக்கே. சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சம் உள்ளே போய், ‘விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று சொல்லும். அதன்பின் கம்பளி தொங்கி என்ன பயன்? போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணியச் சொன்னேன். சிலர் கூச்சப்பட்டார்கள், சிலர் அணிந்தார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். ஈரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. மூளை வெளிச்சத்தைப் பார்த்தால், ஈரல் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் பரோட்டா சாப்பிடுபவருக்கு மூளை ஒரு நேரம், ஈரல் ஒரு நேரம். பகலில் உண்ணும் அதே உணவு இரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. எங்கள் பகுதியில் வயிற்றுப் புண்ணும் சர்க்கரையும் இல்லாத மூத்த தொழிலாளியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும்? இரவு ஷிப்டை நிறுத்தும் அதிகாரம் என்னிடம் இல்லை. மைத்துனர் ஒரு கட்டுரையின் நகலை அனுப்பினார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரியிலிருந்து தாதுக்கள் எடுக்கும் ஆலை ஒன்றில் செய்த ஆய்வு, 1982இல் வெளியானது. தூக்க ஆய்வாளர் சார்ல்ஸ் சீஸ்லர் குழுவினர் அங்கே ஷிப்ட் சுற்றும் திசையை மாற்றியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் பலகையைப் பார்த்தேன். ஒரு வாரம் முழு நைட், அடுத்த வாரம் மாலை நான்கு முதல் நள்ளிரவு வரையிலான அரை நைட், அதற்கடுத்த வாரம் பகல். ஒவ்வொரு மாற்றத்திலும் எட்டு மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். உடம்போ பின்னால் தள்ளிப் போவதைத்தான் எளிதாக ஏற்கிறது. முன்கூட்டித் தூங்கு என்றால் மறுக்கும், சற்றுத் தாமதித்துத் தூங்கு என்றால் கேட்கும். காரணம், நம் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் அல்ல. அதே சீஸ்லர் 1999இல் அளந்தபோது சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று கண்டார். ஆக, நாங்கள் சுற்றிய திசை தலைகீழ். எதற்காக அப்படி வைத்தார்கள் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ யாரோ சாக்பீஸால் எழுதியது.

மேலாளரிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, என் பகுதியில் மட்டும் மாற்றிப் பார்க்கச் சம்மதித்தார். பகல், பிறகு அரை நைட், பிறகு முழு நைட். அந்தக் கட்டுரையில் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்றிருந்தது. மூன்று வாரம் தொடர்ந்து இரவு என்றதும் தொழிலாளர்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். வாரமுறையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷிப்ட் மாறும் திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் முன்பெல்லாம் விடுப்புச் சீட்டுகள் குவியும். அது குறைந்தது. பகல் ஷிப்டுக்கு வருபவர்களின் முகத்தில் தெளிவு தெரிந்தது. ஆனால் முழு நைட்டில் விடியற்காலை நான்கு மணி நான்கு மணியாகவே இருந்தது, பெட்டி அப்போதும் கனத்தது. எட்டு மணி நேரம் நகர உடம்புக்கு ஏறத்தாழ எட்டு நாள் வேண்டும். நாங்கள் கொடுத்தது ஆறு நாள். அதனால் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, சுற்றிய பஞ்சைக் கத்தியால் அறுக்கும்போது பிரேமை நிறுத்திவிட்டு, இரண்டாவது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். உற்பத்தி சற்றுக் குறைந்தது. அதற்காக வாங்கிய ஏச்சைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

விபத்துப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களை ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் நானே கோடிட்டேன். ஒன்று, ‘நேரம்’. இன்னொன்று, ‘தொடர்ச்சியாக எத்தனையாவது இரவு’. அதன்பின் காரணம் என்ற கட்டத்தில் அந்தப் பழைய சொல்லை நான் எழுதவில்லை. பழைய பக்கத்தில் எழுதியதை அடிக்கவும் முடியவில்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.

அண்ணன் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் கழித்து வீட்டுக்குப் போனேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த விரலில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டேன். “ஒன்பதரைக்கெல்லாம் கண் சொக்கிவிடுகிறது தம்பி. விடிந்தால் தானாக விழிப்பு வருகிறது” என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் சன்னலைக் காட்டினார். கம்பளியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். நான்கு ஆணிகள் மட்டும் சட்டத்தில் அப்படியே இருந்தன. காலை வெயில் பாயில் விழுந்திருந்தது.