நாப்பது பாயிண்ட்

2 அக்டோபர் 2020, வெள்ளி

ஹோண்டா கெளம்புறாங்களாம். எஃப்1க்கு, அதான் ஃபார்முலா 1 கார் ரேஸுக்கு, இன்ஜின் குடுக்குறவங்க, 2021 சீசன் முடிஞ்சதும் மொத்தமா வெளிய. நியூஸ் பாத்ததுல இருந்து ஒரு வேலையும் ஓடல. அப்ப யுகி சுனோடா? எஃப்1க்கு ஒரு படி கீழ, எஃப்2ல ஓட்டுற ஜப்பான் பையன்.

3 அக்டோபர்

அந்தப் பையன் ஐரோப்பா வந்ததே ஹோண்டா புண்ணியத்துலதான், அத யாரும் மறைக்க முடியாது. ஆனா ரெட் புல் டீம் வளக்குற ஜூனியர் பசங்க லிஸ்ட்லயும் இருக்கான்ல. அங்க பசங்கள பொறுக்குற ஹெல்முட் மார்கோ தாட்சண்யம் பாக்குற ஆளு இல்ல, ஒருத்தன் தேற மாட்டான்னு தோணிட்டா ஈவு இரக்கமே இல்லாம தூக்கிருவாரு. அவரே இன்னும் இவன வெச்சிருக்காரு. இத நெனச்சுதான் மனச தேத்திக்கிறேன்.

அம்மாவுக்கு கால் வீக்கம் வத்தல.

4 நவம்பர், புதன்

இமோலால எஃப்1 கார் ஓட்டிட்டான்!! ரெட் புல்லோட ரெண்டாவது டீம் டோரோ ரோஸ்ஸோவோட 2018 கார்தான், இருந்தாலும் எஃப்1 எஃப்1தானே. எஃப்1 ஓட்ட வேண்டிய சூப்பர் லைசென்ஸுக்கு எஃப்1 கார்ல 300 கிலோமீட்டர் ஓடிருக்கணும், அதுக்குத்தான் இது. சும்மா ஓட்டிப் பாக்கவா இதெல்லாம் பண்ணுவாங்க? மாட்டாங்க. மாட்டாங்கன்னு நம்புறேன்.

மிச்சம் அந்த நாப்பது பாயிண்ட். கீழ இருக்குற ரேஸ்கள்ல எத்தனாவதா முடிக்கிறாங்கன்னு பாத்து குடுக்குற பாயிண்ட், நாப்பது சேந்தாதான் லைசென்ஸ்.

8 நவம்பர்

தூக்கம் வரல, எழுதிடலாம். சகமிஹாரா ஊர்க்காரன், நாலு வயசுல கார்ட்ல, அந்தக் குட்டி ரேஸ் கார்ல, உக்காந்தவன், அப்பா ஜிம்கானா ஓட்டினவர், அதான் கோன் வெச்சு நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டுறது, ஒருவேள அதனாலதானோ என்னவோ இவனுக்கு காரோட பின்பக்கம் வழுக்கினா பயமே இல்ல, கையி தானா திருப்புது. 2016ல சுசூகா ரேஸிங் ஸ்கூல்ல சேந்தான், அங்க ஸ்காலர்ஷிப் கெடைக்கல. அதோட கதை முடிஞ்சிருக்கும். எத்தன பசங்களுக்கு அந்த எடத்துலயே முடிஞ்சுபோச்சோ. சதோரு நகாஜிமா, ஜப்பான்ல இருந்து மொத மொதல்ல முழுநேரமா எஃப்1 ஓட்டினவர், அவர்தான் ஸ்கூல் தலைவர், இந்தப் பையன்கிட்ட என்னமோ இருக்குன்னு ஹோண்டாகிட்ட சொல்லிருக்காரு. நேரத்த மட்டும் பாத்திருந்தா இவன் பேரு லிஸ்ட்லயே வந்திருக்காது. கார்னர்ல நின்னு கண்ணால பாத்த ஒரு மனுஷன் வேண்டியிருந்துச்சு. அந்த வருஷமே ஜப்பான் எஃப்4ல மொத ரேஸ், ரெண்டாவது எடம். 2018ல ஏழு ரேஸ் ஜெயிச்சு சாம்பியன்.

அப்பறம் ஹங்கேரில ஒரு எஃப்3 டெஸ்ட், மார்கோ பாத்தாரு. 2019ல ஜென்ஸர்னு சுவிட்சர்லாந்து டீம். பிரேமா மாதிரி பெரிய டீம் இல்ல, பாஷை தெரியாது, ஒரு டிராக்கும் தெரியாது. வருஷக் கடைசில ஸ்பால போடியம், அதாவது மொத மூணு எடத்துக்குள்ள, மோன்சால ஜெயிப்பு. எஃப்4ல இருந்து எஃப்2க்கு வர ரெண்டே வருஷம்!

இவன ஹோண்டா பையன்னு ஒத்த வார்த்தைல தள்ளி விடுறவங்க இதுல எத படிச்சாங்க?

14 நவம்பர்

தீபாவளி. வெடி சத்தத்துக்கு நடுவுல இன்னொரு ஜப்பான் டிரைவர் மட்சுஷிதாவ நெனச்சுகிட்டு இருந்தேன். அவரும் ஹோண்டா ஆளாத்தான் வந்தாரு. 2015ல இருந்து ஜிபி2 (எஃப்2வோட பழைய பேரு), எஃப்2ன்னு அந்தப் படியிலயே நின்னாரு. இந்த வருஷம் பார்சிலோனால 18வதா கெளம்பி ஜெயிச்ச மனுஷன், சீசன் முடியறதுக்குள்ள சீட்ட விட்டுட்டு போய்ட்டாரு. ஃபுகுஸுமியும் மகினோவும், அவங்களும் ஜப்பான் பசங்கதான், 2018ல எஃப்2 வந்துட்டு திரும்பிட்டாங்க. எல்லாருமே வேகமானவங்கதான். கோபயாஷிக்கு அப்பறம், 2014க்கு அப்பறம், எஃப்1 கிரிட்ல ஒரு ஜப்பான்காரன் நிரந்தரமா இல்ல. ஹோண்டா இன்ஜின் மட்டும் ஓடுது.

இவனாவது ஏறிரணும்.

27 நவம்பர், வெள்ளி

பஹ்ரைன். யாரு முன்னாடி நிக்கிறதுன்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்ல கார் சுத்திருச்சு. நாளைக்கு கடைசில இருந்து ஆரம்பம். பேச்சே வரல.

28 நவம்பர்

22ல இருந்து ஆறாவது. பஹ்ரைன் டயரத் தின்னுற டிராக். எல்லாரும் ஆரம்பத்துல வேகம் காட்டுனப்ப இவன் டயர வெச்சுகிட்டு பொறுமையா இருந்தான், கடைசில ஒவ்வொருத்தனா தாண்டினான். ரேடியோல கத்துறான் கத்துறான்னு சொல்றாங்களே, ரேடியோல கத்துறவனோட வலது கால் எவ்ளோ நிதானமா இருந்துச்சுன்னு இன்னைக்கு பாத்திருக்கணும். ஸ்டிரியால போல் எடுத்து, அதாவது மொத எடத்துல இருந்து, கெளம்புனப்ப ரேடியோவே செத்துப்போச்சு, பிட்டுக்குள்ள எப்ப வரணும்னு தெரியாம ஒரு ஜெயிப்பு போச்சு, அது இன்னும் எனக்கு ஆறல.

29 நவம்பர்

சுனோடாவுக்கு பாயிண்ட் இல்ல. அது இன்னைக்கு ஒரு விஷயமே இல்ல. எஃப்1 ரேஸ்ல க்ரோஜான் கார் ரெண்டா ஒடைஞ்சு தீப்புடிச்சு எரிஞ்சுது, அந்த நெருப்புக்குள்ள இருந்து மனுஷன் எந்திரிச்சு வெளிய வந்தாரு. தலைக்கு மேல இருக்குற ஹேலோ வளையம் இல்லன்னா ஆளே இல்ல. போன வருஷம் ஸ்பால எஃப்2 ரேஸ்ல மோதி அன்ட்வான் ஊபேர் செத்துப்போனாரு, அதே வாரம்தான் சுனோடாவோட மொத எஃப்3 போடியம். இந்தப் பசங்களோட அம்மாக்கள் எப்படி டிவி பாக்குறாங்க.

1 டிசம்பர்

அம்மாவோட ரிப்போர்ட் இன்னும் வரல. வெள்ளிக்கிழமைன்னு சொல்றாங்க.

4 டிசம்பர், வெள்ளி

போல்! ரிப்போர்ட்டும் பரவால்ல, மாத்திரைலயே சரியாகும்னு சொல்லிட்டாங்க.

5 டிசம்பர்

ஜெயிச்சுட்டான். சாகிர் அவுட்டர், மூணரை கிலோமீட்டர்தான் ஒரு லேப், மூச்சு விட எடமே இல்ல. போல்ல இருந்து பின்ன போய் திரும்பி வந்து ஜெயிச்சான். கூட ஓட்டுற மஸெபின் மறுபடியும் பெனால்ட்டி வாங்கினான். ஸ்பால இவன ஓரங்கட்டி பெனால்ட்டி வாங்கிட்டு, கார நிறுத்துறப்ப ரெண்டாம் நம்பர் போர்ட இடிச்சு அது இவன் பக்கம் பறந்து வந்துச்சே, அத நான் மறக்கல.

6 டிசம்பர், ஞாயிறு

எப்படி எழுதுறதுன்னே தெரியல. நேத்து ரேஸ்ல மொத எட்டு பேர தலகீழா நிக்க வெக்குற ரிவர்ஸ் கிரிட்ல எட்டாவதா ஆரம்பிச்சு ரெண்டாவது வந்தான். முன்னாடி போனது யாரு? ஜெஹான் தாருவாலா. மும்பை பையன், அதே கார்லின் டீம், அதே ரெட் புல் ஜூனியர், எஃப்2ல ஜெயிச்ச மொத இந்தியன். கத்திட்டேன், தம்பி எந்திரிச்சு வந்துட்டான்.

அப்பறம் கணக்கு பாத்தேன். வருஷ மொத்தம் மிக் ஷூமாக்கர் 215, ஐலட் 201, சுனோடா 200. இன்னைக்கு ஓடுன சின்ன ரேஸ், ஸ்பிரிண்ட்ல ஜெயிச்சா 15, ரெண்டாவதுக்கு 12. இவன் ஜெயிச்சிருந்தா 203, சாம்பியன்ஷிப்ல ரெண்டாவது ஆகியிருப்பான். அந்த மூணு பாயிண்ட்ட ஜெஹான் எடுத்துட்டான். வருஷம் பூரா ஒண்ணுமே சரியா அமையாத பையன் அவன், அவன் சிரிச்சத பாத்தப்ப எனக்கு மனசு நெறஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்காகவும் ஒரே நேரத்துல வேண்டிக்கிட்டா இப்படித்தான் ஆகும்போல.

சாம்பியன்ஷிப்ல மூணாவதுக்கும் லைசென்ஸுக்கான முழு நாப்பது உண்டு. நாப்பது நாப்பதுதான்.

7 டிசம்பர்

200, 201.

15 டிசம்பர்

அபுதாபி டெஸ்ட். ஆல்ஃபாடௌரி (டோரோ ரோஸ்ஸோவோட புதுப் பேரு) கார்ல சுனோடா. இன்னும் அறிவிக்கல. போன கீழ வெக்க முடியல.

16 டிசம்பர், புதன்

வந்துருச்சு!!!! ஆல்ஃபாடௌரி, 2021, கேஸ்லி கூட. 2000லயோ அதுக்கு அப்பறமோ பொறந்து எஃப்1 சீட்ல உக்காரப் போற மொத ஆள். க்வியாட் எடம் அது, அவர நெனச்சா கஷ்டமா இருக்கு, அவரும் இதே ரெட் புல் ஏணில ஏறினவர்தான், ரெண்டு தடவ தள்ளி விட்டாங்க. இவனுக்கு அது நடக்கக் கூடாது.

இவன் படம் போட்ட பக்கத்துல கீழ எவனோ ஹோண்டா சீட்டுன்னு எழுதிருக்கான். ஹோண்டா ஒரு வருஷத்துல போகுது, போற கம்பெனிக்காக மார்கோ எதுக்கு சீட்டு குடுக்கணும்? 22ல இருந்து ஆறாவது வந்தது ஹோண்டாவா? எஃப்2ல எல்லா காருக்கும் ஒரே மெக்காக்ரோம் இன்ஜின்தானே

17 டிசம்பர்

பதில் எழுதிட்டேன், நீளமா. அம்மா இன்னைக்கு மாடி ஏறி வந்தாங்க. பிப்ரவரி டெஸ்ட் எங்கன்னு பாக்கணும்.