செய்முறைத் தேர்வில் புழு அடையை மாற்றச் சொன்னால்

தேனீ வளர்ப்புச் சான்றிதழ் படிப்பில் எழுத்துத் தேர்வுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பாடக் குறிப்பை இரண்டு தடவை வாசித்தால் தேறிவிடலாம். என்னைத் திணறடித்தது செய்முறைதான். "பலமான பெட்டியிலிருந்து பலவீனமான பெட்டிக்கு ஒரு புழு அடையை மாற்று" என்று ஒரே வரியில் கேட்பார்கள். புழு அடை என்றால் முட்டையும் புழுவும் வளரும் மெழுகு அடை; பலமான பெட்டி என்றால் தேனீக்கள் நிறைந்தது.

நான் கைபழகியது அழகர்கோவில் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில். நான்கு நியூட்டன் பெட்டிகள் (அடை கட்ட மரச்சட்டங்கள் தொங்கும் தேன்பெட்டிகள்), எல்லாமே அடுக்குத் தேனீ, அதாவது அடுக்கடுக்காக அடை கட்டும் நம்மூர்த் தேனீ. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், மாமா இல்லாத நேரம் பார்த்து, ஒரு சட்டத்தைத் தேனீக்களோடு அப்படியே தூக்கிப் பக்கத்துப் பெட்டியில் இறக்கினேன். ராணி அந்தச் சட்டத்தில்தான் இருந்திருக்கிறது. அங்கிருந்த தேனீக்கள் அதைப் பந்து மாதிரி மொய்த்துக் கொன்றுவிட்டன. நாலாம் நாள் பழைய பெட்டியைத் திறந்தால், அடையின் நடுவிலேயே நிலக்கடலை போல, புது ராணியை வளர்க்கும் அறைகள் தொங்குகின்றன. "மாப்ள, ராணியவே கடத்திட்டியேடா" என்றார் மாமா. இன்றுவரை வீட்டு விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அதனால் முதலில் ராணியைக் கண்ணால் பாருங்கள். அது இருக்கும் சட்டத்தைத் தொடவே வேண்டாம். ராணி கண்ணில் படவில்லையா, எடுக்கும் சட்டத்திலுள்ள தேனீக்கள் அத்தனையையும் இறகால் மெதுவாகப் பழைய பெட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டு, வெறும் அடையை மட்டும் கொண்டுபோங்கள். உதறக் கூடாது. மதுரை வெயிலில் புது அடை இளகிக் கிடக்கும், ஒடிந்து விழுந்துவிடும். சட்டத்தைப் படுக்கவைத்துப் பிடிப்பதும் ஆபத்துதான். திருப்பிப் பார்க்கும்போதும் அடை செங்குத்தாகவே இருக்கட்டும்.

அடுத்தது, எந்த அடை? இங்கேதான் வாய்மொழித் தேர்வில் கோட்டை விட்டேன். பலவீனமான பெட்டிக்கு, தேனீக்கள் மெழுகால் மூடிய புழு அறைகள் நிறைந்த அடை. அவற்றுக்குத் தீனி கொடுக்க ஆள் வேண்டாம், சில நாளில் தேனீக்களாக வெளியே வந்துவிடும். திறந்த புழுக்களைக் கொடுத்தால், ஆளில்லாத வீட்டுக்குப் பத்துக் குழந்தைகளை அனுப்பிய கதை. ஆனால் தேர்வாளர், "சரி தம்பி, ராணியே இல்லாத பெட்டிக்கு?" என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் அதே பதிலைச் சொன்னேன். தப்பு. அங்கே முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை வேண்டும். மூன்று நாளுக்கு உட்பட்ட பணித்தேனீப் புழுவிலிருந்துதான் அவை புது ராணியை வளர்க்க முடியும்; மூடிய அறையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முட்டையைப் பார்க்கத் தனியாகப் பழக வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் தோளுக்கு மேலாக அறையின் அடியில் விழும்படி சட்டத்தைப் பிடியுங்கள். வெள்ளை நூலைக் கத்தரித்துப் போட்டது போலத் தெரியும். முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், மூன்றாம் நாள் சாய்ந்து படுத்துவிடும். எனக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது.

மாற்றும் அடையை ஓரத்தில் செருகாமல், அங்குள்ள புழு அடைக்கு ஒட்டினாற்போல வையுங்கள். புழுக்களுக்கு 34, 35 டிகிரி சூடு வேண்டும். அந்தப் பெட்டித் தேனீக்கள் மூடி அணைக்கிற அளவுக்கு மேல் கொடுத்தால் புழு குளிர்ந்து செத்துப்போகும். எத்தனை என்று கேட்டால் ஒன்று என்று சொல்லுங்கள்.

நோயைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய்லாந்து பைப்புழு நோய் அடை மூலமாகவும் பரவும். செத்த புழு தண்ணீர் கட்டிய பை மாதிரி இருந்தால் அந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

அப்புறம், அன்றைக்கு சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். கொட்டு வாங்கினால் சட்டத்தைப் பெட்டியில் இறக்கிவிட்டுக் கொடுக்கை நகத்தால் சுரண்டுங்கள். எனக்கு இடது மணிக்கட்டில் இரண்டு விழுந்தது, சட்டத்தை விடவில்லை. தேர்வாளர் அதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.