பழைய கோப்புகளை எங்கே வைப்பீர்கள்?

2010 ஏப்ரலில் டோக்கியோவில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருந்தேன். ஜப்பானியச் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கித் தரும் வேலை. 27ஆம் தேதி என் மேசைக்கு வந்தது, கொலைக் குற்றத்துக்கான 'ஜிகோ'வை நீக்கும் சட்டம்.

'ஜி' என்றால் நேரம், 'கோ' என்றால் பலன். தமிழில் தேடினால் மாத்திரை அட்டையில் இருக்கும் 'காலாவதி'தான் எனக்கு முதலில் தோன்றியது. 2005க்கு முன் நடந்த கொலைகளுக்கு 15 ஆண்டு, அதன்பின் நடந்தவற்றுக்கு 25 ஆண்டு. அதற்குள் வழக்குத் தொடராவிட்டால் கொலையாளியைத் தொட முடியாது. இந்தியாவில் கொலைக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை என்றேன். பக்கத்து மேசைப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் பழைய கோப்புகளை எங்கே வைப்பீர்கள், ராஜன்-சான்?" சிரித்துச் சமாளித்தேன்.

சட்டம் நிறைவேறிய அன்றே அமலுக்கும் வந்துவிட்டது. குராஷிகியில் ஒரு தம்பதி கொல்லப்பட்ட 1995ஆம் ஆண்டு வழக்கு அன்று நள்ளிரவில் காலாவதியாக இருந்தது. சில மணி நேரத்தில் தப்பியது.

வழக்கறிஞர் கூட்டமைப்பின் எதிர்ப்பையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இருபது வருடம் கழித்து, 'அன்றிரவு எங்கே இருந்தாய்?' என்று கேட்டால் நிரபராதி என்ன சொல்வான்? சாட்சி செத்திருப்பார். அந்த வாதம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆனால் 1978இல் டோக்கியோவில் ஓர் ஆசிரியையைக் கொன்ற பள்ளிக் காவலாளி, உடலைத் தன் வீட்டுத் தரைக்கடியில் புதைத்துவிட்டு அதன் மேலேயே குடியிருந்தார். சாலைப் பணிக்காக வீட்டை இடிக்க வேண்டி வந்ததும், 2004இல் தானே போய்ச் சரணடைந்தார். கெடு எப்போதோ முடிந்திருந்தது. கொலை வழக்கே இல்லை.

சென்னைக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, 2025 அக்டோபர் 31 அன்று அந்தச் செய்தி வந்தது. நகோயாவில் 1999இல் ஓர் இளம் தாய் கொல்லப்பட்ட வழக்கில் ஒரு பெண் கைது. பழைய சட்டமே இருந்திருந்தால் 2014இலேயே கதவு சாத்தியிருக்கும். என்னை நிறுத்தியது வேறொன்று. கணவர் வேறு இடத்துக்குக் குடிபோன பிறகும் அந்த வீட்டைக் காலி செய்யவில்லை. வாசலில் கொலையாளி சிந்திய ரத்தக்கறை அழிந்துவிடக் கூடாதென்று 26 ஆண்டுகள் வாடகை கட்டியிருக்கிறார். மொத்தம் இரண்டு கோடி யென்னுக்கு மேல்.

ஓய்வு பெற்றுவிட்ட பெரியவருக்குச் செய்தியை அனுப்பினேன். மறுநாள் ஒரு வரி வந்தது: "வாடகை ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருப்பார்."