சாக்லேட் கொடுத்த மூதாட்டி

2018 மே மாதம் சென்னையிலிருந்து உறவினர்களுடன் காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே உள்ள குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகவே பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு, ஊர்மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார். வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தியவர்கள் அவர்கள்.

குழந்தைகளைக் கடத்த வடமாநிலக் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. பைக்கில் வந்தவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்வதாக நாடெங்கும் பகிரப்பட்ட காணொலியோ, கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு துண்டு. அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியிருந்தார்கள். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது அவ்வாண்டு ஜூலையில்தான்.

கண்ணெதிரே நின்று வழி கேட்டவரைக் கண்டு அஞ்சிய நாம், இன்று அதே கைப்பேசியில் காக்கிச் சீருடையுடன் தோன்றும் முகம் தெரியாத ஒருவர் 'டிஜிட்டல் கைது', அதாவது காணொலி அழைப்பிலேயே கைது செய்துவிட்டோம் என்று மிரட்டினால், வாழ்நாள் சேமிப்பையே அவர் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிடுகிறோம். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

என் அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பையில் மிட்டாய் எடுத்துச் செல்வார். தெரியாத குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.