இரண்டு சந்தனக் கலர், எது நம்ம ஹாலுக்கு?

ஹாலுக்குச் சந்தனக் கலர்தான் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் ஷேட் கார்டைப் பிரித்தால் சந்தனத்திலேயே ஒரு வரிசை. கழித்துக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறோம். அம்மா "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார், பெயிண்டர் அண்ணனும் "செவுத்துல ஏறிட்டா ஒரே மாதிரிதான் தம்பி இருக்கும்" என்கிறார் (அவருக்கு வேலையை ஆரம்பித்தாக வேண்டும், பாவம்).

இரண்டும் ஒன்று கிடையாது. பளிச்சென்ற வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்ததும் ஒன்று மஞ்சளுக்கும் மற்றது லேசாக ரோஸுக்கும் சாய்வது தெரிந்துவிட்டது. கார்டில் உள்ள கட்டம் விரல்நகம் அளவு, அதில் இந்தச் சாயல் கண்ணில் படாது. நான்கு சுவரிலும் அடித்துவிட்டால் அந்தச் சாயல்தான் முதலில் தெரியும்.

சாம்பிள் டப்பா வாங்கி நேராகச் சுவரில் அடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். எங்கள் பழைய சுவர் நீலம், அதன் நடுவில் எந்தச் சந்தனத்தை அடித்தாலும் இருப்பதைவிட மஞ்சளாகத்தான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, அங்கே சாயப் பிரிவைக் கவனித்துவந்த செவ்ரல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நூலின் நிறத்தால்தான் கறுப்பு அப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். அதனால் வெள்ளைச் சார்ட் பேப்பரில், ஓரம் விட்டு, இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் பால் மாதிரி வெளுத்துத் தெரியும், காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும். அந்தப் பேப்பரை ஜன்னல் பக்கம், மூலை, தரையை ஒட்டி என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

எங்கள் தரை ரெட் ஆக்சைடு. மதிய வெயில் அதில் பட்டுச் சுவருக்கு ஏறும்போது சிவப்பையும் கூட்டிக்கொண்டுதான் ஏறுகிறது, ரோஸ் சாயல் பேப்பர் முழங்கால் உயரத்தில் பிங்க் என்றே சொல்லும்படி ஆகிவிட்டது. மஞ்சள் தாங்கிக்கொண்டது. ஆனால் ராத்திரி 6500 கெல்வின் (நீலம் தட்டும் வெள்ளை வெளிச்சம்) டியூப் லைட்டைப் போட்டதும் அதே மஞ்சளில் ஒரு பச்சை தட்டுகிறது, ரோஸ் அழகாக இருக்கிறது! இதற்குத்தான் பகலில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது என்பது.

அப்புறம் என்ன, தரையை மாற்ற முடியாது, டியூப்பை மாற்றலாம். பகல் முழுக்க அந்த ஹாலில் இருப்பவர் அம்மா, அதனால் மஞ்சள். லைட் 4000 கெல்வினுக்கு, அதாவது அந்த நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் போகிறது.

பளபளப்பில்லாத மேட்டா, லேசாகப் பளபளக்கும் ஷீனா என்பதில் நான் யோசிக்கவே இல்லை, பட்டி பார்த்த மேடு பள்ளத்தை எல்லாம் ஷீன் காட்டிக்கொடுக்கும், எனக்கு மேட் போதும். இன்னொன்று, கடை மெஷினில் வேறு வேறு நாளில் கலக்கினால் மயிரிழை வித்தியாசம் வரலாம், ஒரு சுவருக்கு வேண்டியதை மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னாடி டச்சப்புக்குத் தேவைப்படும்.